பக்கத்து வீட்டு மதிப்பு

டாலிகஞ்ச் மெட்ரோவில் இறங்கி ஆட்டோவில் தெற்கே போனால், கல்கத்தா மாநகராட்சியின் எல்லை முடிந்து ஒரு சின்ன நகராட்சி தொடங்கும். குளத்தைத் தூர்த்து மேடாக்கிய இடங்களில் மனை போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், கோவிந்தராஜனும் சௌந்தரராஜனும் அங்கே சேர்ந்து ஒரு மனை வாங்கினார்கள். இருவருக்கும் கிடர்பூரில் துறைமுக வேலை. தனித்தனியாக வாங்க இருவருக்குமே வசதி போதவில்லை. மனையைச் சரிபாதியாகப் பிரித்து, நடுவில் ஒரே சுவர் எழுப்பி, இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வீடு கட்டினார்கள். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் வாசல் தெரியாமல் பக்கத்து வீட்டு மணியை அடிப்பதுண்டு.

வீடுகள் ஒட்டியிருந்ததைவிட வீட்டுக்காரிகள் ஒட்டியிருந்தார்கள். கோவிந்தராஜனின் மனைவி சகுந்தலாவுக்கு அலிப்பூரில் டெலிபோன் அலுவலகத்தில் சூப்பர்வைசர் உத்தியோகம். சௌந்தரராஜனின் மனைவி லதா அவளைவிடப் பத்து வயது இளையவள். சிவகங்கையிலிருந்து கல்யாணமாகி வந்தபோது லதாவுக்கு வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாது. மீன்காரியிடம் பேரம் பேசவும், அக்கம்பக்கத்துப் பெண்களை அண்ணி என்ற பொருளில் 'பௌதி' என்றும் ஆண்களை அண்ணன் என்ற பொருளில் 'தாதா' என்றும் கூப்பிடவும் தொடங்கி, துர்கா பூஜைப் பந்தலில் யார் என்ன கேட்டால் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதுவரை சகுந்தலாதான் சொல்லிக்கொடுத்தாள். லதாவின் இரண்டாவது பிரசவம் சிக்கலாகிப்போனபோது, சகுந்தலா லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். தனக்குப் பிள்ளையில்லை என்ற குறையை அவள் லதாவிடம் மட்டும்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். சொந்தத் தங்கையிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூற்றேழாம் வருடம் மழைக்காலம் முடியும் தறுவாயில், தெருவில் எல்லா வீட்டுக்கும் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. புது மதிப்பீடு. பழைய மதிப்போடு ஒப்பிட்டால் மும்மடங்கு, சில வீடுகளுக்கு நாலு மடங்கு.

எதிர்வீட்டு ஹால்தார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். அவர் வீட்டு முன்னறையில் தெருவே கூடியது. ஹால்தார் விஷயத்தை விளக்கினார்.

"நகராட்சி தன் இஷ்டத்துக்கு வரி போட முடியாது. விகிதம் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் விகிதம் எதன்மேல்? வீட்டை வாடகைக்கு விட்டால் வருஷத்துக்கு நியாயமாக என்ன வரும் என்று ஒரு மதிப்புப் போடுகிறார்களே, அதன்மேல். அந்த மதிப்பு ஏற ஏற விகிதமும் ஏறும். ஆகவே இரண்டு அடி. நாம் சண்டை போட வேண்டியது விகிதத்தோடு அல்ல, மதிப்போடு."

"எப்படிச் சண்டை போடுவது?" என்று கேட்டாள் சகுந்தலா.

"ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும். ஒருத்தர் தனியாகப் போய்ப் பேசி முடித்துக்கொண்டால் மற்றவர்கள் கதை முடிந்தது. ஒரு வீட்டுக்கு ஒத்துக்கொண்ட வாடகையைக் காட்டி அடுத்த வீட்டை அழுத்துவார்கள்."

யாரும் தனியாகப் போவதில்லை என்று பேசி முடிவானது. சௌந்தரராஜன்தான் முதலில் கையைத் தூக்கினார்.

ஆட்சேபம் எழுதும் வேலை சகுந்தலாவிடம் வந்தது. அவளுக்கு ஆங்கிலம் சுத்தமாக வரும், அரசாங்க நடையும் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மொட்டைமாடிக்குப் பாயை எடுத்துக்கொண்டு போவாள். இடுப்பளவுக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி லதாவும் வந்து உட்காருவாள். மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் தெரு, உப்புக் கரிக்கும் போரிங் தண்ணீர், ஆட்டோ உள்ளே வராத சந்து என்று ஒவ்வொன்றாக இருவரும் யோசித்து யோசித்துச் சேர்த்தார்கள்.

"வீட்டுல நாங்களேதான் குடியிருக்கோம், எந்தப் பகுதியும் வாடகைக்கு விடலைன்னு போட்டுட்டேன்" என்றாள் சகுந்தலா.

"மாடில ஜெயப்ரியா இருக்காளேக்கா?"

"அவ என் அண்ணன் பொண்ணுடி. வாடகைக்கா இருக்கா?"

ஜெயப்ரியா கரக்பூரில் ரயில்வேயில் வேலை செய்யும் அண்ணனின் மகள். ஜாதவ்பூரில் எம்.எஸ்ஸி. படிக்க வந்து, மாடி அறையில் தங்கியிருந்தாள். மாடிக்கு வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு. காலையில் ஒரு குரல், மாலையில் ஒரு சிரிப்பு என்று அவள் வந்த பிறகுதான் அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கேட்டது.

"இல்ல, அண்ணன் மாசாமாசம் பணம் அனுப்புறார்னு சொன்னீங்களே, அதான் கேட்டேன்."

"வேணாம்னா கேக்கமாட்டேங்கிறார். தங்கச்சி வீட்டுல பொண்ணு சும்மா சாப்பிடுறதான்னு அவருக்கு ரோஷம். அத அப்படியே அவ பேர்லயே பேங்க்ல போட்டுட்டு வரேன், கல்யாணத்துக்கு ஆகும். இது அவருக்குத் தெரியாது, உங்க மாமாவுக்கும் தெரியாது. உனக்குத்தான் சொல்லியிருக்கேன்."

"நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?" என்றாள் லதா.

விசாரணைக்கு முன்பு நகராட்சியிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் அளவு நாடாவோடு வந்து தெருவை வீடு வீடாகப் பார்த்துவிட்டுப் போனார். லதா வீட்டில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக உட்கார்ந்தார். அதற்குக் காரணம் இருக்கும் என்றே சகுந்தலா நினைத்தாள். சௌந்தரராஜன் போன வருடம் கீழ்த்தள முன்னறையை ஒரு கூரியர்காரனுக்கு விட்டிருந்தார். பார்சல்களும் சைக்கிள்களுமாக எப்போதும் ஆள் நடமாட்டம். வீட்டில் வியாபாரம் நடந்தால் வரிக்கு மேல் தனியாக ஒரு கூடுதல் வரியும் உண்டு. பாவம், லதா நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று சகுந்தலா வருத்தப்பட்டாள். அன்று மாலை அதைப் பற்றிக் கேட்டபோது லதா, "ஒண்ணும் இல்லக்கா, டீ குடிச்சிட்டுப் போனார்" என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை நகராட்சிக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. நீளமான மேஜைக்குப் பின்னால் குழு உறுப்பினர்கள் மூன்று பேர். கோவிந்தராஜனுக்கு இந்த மாதிரி இடங்களில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் வீட்டுக்காரர் என்ற முறையில் அவர் நாற்காலியில் உட்கார, பேசியது சகுந்தலா. தண்ணீர் தேங்குவதைச் சொன்னாள். சந்துக்குள் ஆட்டோ வராததைச் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"மேடம், இதெல்லாம் சரி. ஆனால் வீட்டில் எந்தப் பகுதியும் வாடகைக்கு விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே?"

"விடவில்லை."

"மாடியில் தனிப் படிக்கட்டோடு ஒரு பெண் இருக்கிறாள். மாதாமாதம் பணம் வருகிறது."

"அவள் என் அண்ணன் மகள்."

"இருக்கட்டும். பணம் வருகிறதா, இல்லையா?"

கோவிந்தராஜன் அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயம் அது.

"கரக்பூரிலிருந்து மணியார்டர் வருகிறது" என்று கண்ணாடிக்காரர் தொடர்ந்தார். "அந்தப் பணம் வங்கிக்குப் போகிறது. சேமிப்பாகவே போகிறதென்றால் சாப்பாட்டுச் செலவுக்கு என்று சொல்ல முடியாது, இல்லையா? அது வாடகை. ஒரு அறைக்கு இவ்வளவு என்றால் முழு வீட்டுக்கு எவ்வளவு என்று நாங்கள் கணக்குப் போட்டதில் தப்பு ஒன்றும் இல்லை."

பேங்கில் போடுவது வரைக்கும் தெரிந்திருக்கிறது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த விஷயம். ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருத்தி? சகுந்தலா லதாவின் முகத்தை நினைத்துக்கொண்டாள்.

குழு அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. "உங்கள் வீட்டைப் போலவே உள்ள வேறு வீட்டுக்குக் குறைவாக மதிப்புப் போட்டிருந்தால், அதைக் காட்டி அடுத்த அமர்வில் பேசலாம். சட்டம் அதை அனுமதிக்கிறது" என்றார் கண்ணாடிக்காரர்.

வெளியே படியிறங்கும்போது ஹால்தார் எதிரே வந்தார். முகம் செத்திருந்தது. அவர் வீட்டுப் பின்கட்டில் மருமகனின் தம்பி தங்கியிருப்பதை இவர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று புலம்பினார். அதுவும் மொட்டைமாடியில் பேசிச் சிரித்த விஷயங்களில் ஒன்றுதான் என்பது சகுந்தலாவுக்கு ஞாபகம் வந்தது.

ஆட்டோவில் கோவிந்தராஜன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தப்புத்தாங்க."

"லதாகிட்ட சொல்லியிருக்கே."



வீட்டுக்கு வந்ததும் புடவைகூட மாற்றாமல் பக்கத்து வீட்டுக்குப் போனாள். லதா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சகுந்தலாவைப் பார்த்ததும் கை நின்றது. பார்த்த மாத்திரத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் சகுந்தலா வழியெல்லாம் ஒரு நப்பாசையோடுதான் வந்திருந்தாள். சௌந்தரராஜன் சொல்லியிருப்பார். பெண்டாட்டி ஏதோ பேச்சுவாக்கில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அவர் போய் உளறியிருப்பார்.

"உங்க வீட்டுக்காரர்தானே சொன்னார்?" என்றாள். கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுவது போல் இருந்தது அவள் குரல்.

லதா கீரைக்கட்டைத் தள்ளி வைத்தாள். "இல்லக்கா. அவர் வாயே தொறக்கல. நான்தான் சொன்னேன்."

"நீயா?"

"இன்ஸ்பெக்டர் வந்தார்ல, கூரியர்காரனைப் பாத்துட்டார். கடைன்னு எழுதப்போறேன்னார். எழுதினா எங்களுக்கு ரெண்டு மடங்காயிரும். இவருக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல வந்திருச்சு. ரெண்டு பசங்க படிக்குதுங்க. வீடுன்னே எழுதிக்கங்கன்னு கெஞ்சினேன். அவர் சொன்னார், மேல இந்தத் தெருவுல இவ்வளவு ஏத்திக் காட்டணும்னு சொல்லியிருக்காங்க, உங்க வீட்டுல விட்டா வேற எங்கயாவது பிடிக்கணுமேன்னார்."

"அதனால என்னைப் பிடிச்சுக் குடுத்தியா?"

"உங்களுக்கு சம்பளம் வருது, மாமாவுக்கும் வருது. பிள்ளையா குட்டியா? நீங்க கட்டிருவீங்கன்னு நெனச்சேன்."

பிள்ளையா குட்டியா. லதாவிடம் மட்டும் வாய்விட்டுச் சொன்ன குறைதான் இப்படித் திரும்பி வந்தது என்று சகுந்தலாவுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது.

"ஆட்சேபம் எழுதுறப்ப கூடவே உக்காந்திருந்தியே லதா. வாடகைக்கு விடலைன்னு நான் எழுதினப்போ உனக்குத் தெரியும்."

"அப்போ இன்னும் இன்ஸ்பெக்டர் வரலக்கா. சத்தியமா."

"வந்தப்புறம் சொல்லியிருக்கலாம். ஆட்சேபத்துல அந்த ஒரு லைனை அடிச்சிட்டாவது போயிருப்பேன். பொய்க்காரி மாதிரி நிக்க வச்சிட்டியே."

லதாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் அழுதுகொண்டே அவள் கேட்டது வேறு. "கூரியர்காரனைப் பத்தி அங்க எதுவும் சொல்லிடாதீங்கக்கா. உங்க காலைப் பிடிச்சிக் கேக்குறேன்."

சகுந்தலா வெளியே வந்தாள். கூரியரைப் பற்றிச் சொல்ல மாட்டேன் என்றுதான் அன்று நினைத்தாள். கட்டிவிட்டுப் போகலாம், தொலையட்டும் என்று கோவிந்தராஜனிடமும் சொன்னாள். அவரும் "ஒரு மனையில வாழ்ந்தாச்சு, விடு" என்றார்.

அதைக் கெடுத்தது ஜெயப்ரியா கிளம்பியதுதான். ஹால்தார் வீட்டில் பேசிக்கொண்டது அந்தப் பெண்ணின் காதில் விழுந்திருக்கிறது. தான் அங்கே தங்கியிருப்பதால்தான் அத்தைக்கு இத்தனை அவமானம் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். சகுந்தலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ஹாஸ்டலில் இடம் கிடைத்துவிட்டது அத்தை, காலேஜுக்குப் பக்கம், லைப்ரரிக்கு வசதி என்று அவள் வங்காளமும் தமிழும் கலந்து என்னென்னவோ காரணம் சொன்னாள். அண்ணன் கரக்பூரிலிருந்து போன் பண்ணினார். அனுப்பிய பணத்தை வாடகை என்று எழுதிவிட்டார்களாமே என்று ஆரம்பித்தவர், என்னிடம் சொல்லாமல் ஏன் பேங்கில் போட்டாய், என்னைப் பிச்சைக்காரன் என்று நினைத்தாயா என்று கத்திவிட்டுப் போனை வைத்தார்.

டாக்ஸியில் பெட்டியோடு ஜெயப்ரியா போன அன்றுதான் சகுந்தலா மாடி அறையைப் பூட்டிவிட்டு, அடுத்த அமர்வுக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள்.

தெருவில் எத்தனையோ வீடுகள் இருந்தன. ஆனால் அவள் வீட்டைப் போலவே இருக்கும் வீடு ஒன்றுதான். அளவு ஒன்று, அறை ஒன்று, வருடம் ஒன்று, சுவரே ஒன்று. அதன் மதிப்பு அவளுடையதில் பாதிக்கும் குறைவாக இருந்தது. வேறு எதைக் காட்ட முடியும்?

"வேணாம் சகுந்தலா" என்றார் கோவிந்தராஜன்.

"நான் பொய் சொல்லப்போறதில்லைங்க. இருக்கறதச் சொல்றேன்."

"அவளும் இருக்கறதத்தானே சொன்னா?"

அது அவளைச் சுட்டது. லதா சொன்னது ஒளிந்து, தான் சொல்லப்போவது நேருக்கு நேர் என்று சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்துவிட்டு எழுந்து போனார். இரண்டாவது அமர்வுக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

இந்தமுறை கூடம் நிறைந்திருந்தது. தெருக்காரர்கள் பாதிப் பேர் தங்கள் முறைக்காகப் பெஞ்சில் காத்திருந்தார்கள். சௌந்தரராஜனும் லதாவும் இல்லை. அவர்கள் ஆட்சேபமே கொடுக்கவில்லை என்பது அங்கேதான் எல்லோருக்கும் தெரிந்தது. சகுந்தலா பக்கத்து வீட்டைக் காட்டினாள். ஒரே மனை, ஒரே அளவு, மதிப்பு மட்டும் ஏன் வேறு என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் எதிரே இருந்த தாள்களைப் புரட்டினார். "அது முழுக்கக் குடியிருப்பு. உங்களுடையதில் வாடகை வருகிறது."

"முழுக்கக் குடியிருப்பு இல்லை" என்றாள் சகுந்தலா. "கீழே கூரியர் கம்பெனி நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ 'ச்சே' என்று சொன்னது காதில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வேறொரு இன்ஸ்பெக்டர் வந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவுகோல் போட்டார்கள். சகுந்தலா வீட்டு மதிப்பு இறங்கியது. முழுதாக இல்லை, ஆனாலும் நன்றாகவே இறங்கியது. அதைக் காட்டி ஹால்தாருக்கும் இறங்கியது, இன்னும் சிலருக்கும் இறங்கியது. லதா வீட்டுக்குத்தான் ஏறியது. கூடுதல் வரியும் விழுந்தது. கூரியர்காரன் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனான். பழைய இன்ஸ்பெக்டரை எங்கோ மாற்றினார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவர் மேல் வேறு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் பூஜைக்குச் சந்தா கேட்டு வந்தவர்கள் சகுந்தலா வீட்டு வாசலில் நின்றபடியே ரசீது கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழக்கமாக உள்ளே வந்து டீ குடிப்பார்கள். பந்தலில் அஷ்டமியன்று பூப்போட்டு வணங்கும் அஞ்சலிக்கு அவள் போய் நின்றபோது பக்கத்துப் பெண்கள் மெல்ல விலகி இடம் விட்டார்கள். இடம் விட்டார்களா, தள்ளி நின்றார்களா என்று அவளுக்கு விளங்க நேரமாகவில்லை. பத்தடி தள்ளி லதாவைச் சுற்றி நாலு பேர் நின்றுகொண்டு, ஐயோ பாவம் என்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

கடைசியில் அவள் ஹால்தாரை மடக்கிக் கேட்டாள். "தாதா, உங்கள் பின்கட்டு விஷயத்தை யார் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் பௌதி. நீங்கள்தானே சொன்னீர்கள், லதா சொன்னாள் என்று."

"பிறகு?"

ஹால்தார் செருப்பைத் தரையில் தேய்த்தார். "லதா சொன்னதை நாங்கள் யாரும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதை நாங்கள் எல்லோரும் கேட்டோம். அந்தக் கூடத்தில், எல்லோர் முன்னாலும், பக்கத்து வீட்டுக்காரியை... எப்படிச் சொல்வது. உங்களால்தான் எனக்கும் குறைந்தது. நன்றி இல்லாமல் இல்லை."

நன்றியைத் தெருவில் வைத்துச் சொன்னார். வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சகுந்தலா கோவிந்தராஜனிடம் கத்தினாள். வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை. பாதிக்கப்பட்டது நான், பேர் கெட்டதும் நானா என்று கேட்டாள். உங்களுக்காவது நான் செய்தது சரி என்று தோன்றுகிறதா என்று கேட்டாள். அவர், "நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு சௌந்தரம் முகத்தைப் பாக்க முடியல" என்றார். துறைமுகத்தில் ஒன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நட்பு. ஆண்கள் இருவரும் அதன் பிறகு ஒரே பஸ்ஸுக்கு நின்றாலும் வெவ்வேறு கதவில் ஏறினார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதையும் அவள்தான் செய்தாள் என்று அவர் வாய்திறந்து சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ஜெயப்ரியா படிப்பு முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். போகும் முன் ஒருமுறை வந்து சாப்பிட்டாள், நன்றாகத்தான் பேசினாள். மாடிக்கு மட்டும் ஏறவில்லை. அண்ணன் பேங்க் பணத்தை எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கவே இல்லை.

சௌந்தரராஜன் ஓய்வுபெற்றதும் வீட்டை ஒரு மார்வாரிக்கு விற்றுவிட்டுச் சென்னைக்குக் கிளம்பினார்கள். இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் அது. ஊரே கல்கத்தா என்ற பேரை விட்டுக் கொல்கத்தா ஆகியிருந்தது. விற்கப் போவதாக அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லாரி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோதுதான் சகுந்தலாவுக்குத் தெரிந்தது. கூலிக்காரர்கள் பீரோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்த பீரோ வாங்கிய அன்று கூடப் போய் விலை பேசியது அவள். ஜன்னலை மூடிக்கொண்டு உள்ளே இருந்துவிடலாமா என்று நினைத்தாள். ஏனோ முடியவில்லை. கேட்டுக்கு வந்து நின்றாள்.

லதா கடைசியாக வெளியே வந்தாள். நன்றாக இளைத்திருந்தாள். டாக்ஸிக்குப் போகிறவள் நின்றாள். கேட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் நின்றார்கள். லதாவின் உதடு அசைந்தது. மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று சகுந்தலா நினைத்தாள். கேட்டால் என்ன சொல்வது என்றுகூட அவசர அவசரமாக யோசித்தாள். அல்லது சண்டை போடப் போகிறாளோ. அதற்கும் அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"வரேன்க்கா" என்றாள் லதா.

பழக்கதோஷம். போகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியதும் சகுந்தலாவுக்குத் தெரியும். போயிட்டு வா. ரெண்டே வார்த்தை. அவளைச் சந்தைக்கு, சினிமாவுக்கு, பிரசவத்துக்கு என்று அனுப்பும்போதெல்லாம் சொன்ன வார்த்தை.

"சரி" என்றாள் சகுந்தலா.

லதா இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு போய் டாக்ஸியில் ஏறினாள்.

வீட்டை வாங்கிய மார்வாரி அதே வாரம் வந்து, நடுச்சுவரில் ஆணி அடிக்கலாமா, அது யாருடையது என்று சகுந்தலாவிடம் கேட்டார். "ரெண்டு பேருக்கும் பொது" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்ச் சமையல் வேலையைப் பார்த்தாள்.